பத்து நிமிடச் சூடு

ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளன்றும் நசீமா டீச்சர் காலை ஐந்தரைக்கே எழுந்துவிட்டார். பத்தாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வுக்கான கணக்குக் கேள்வித்தாளில் கடைசி இரண்டு கேள்விகள் பாக்கி இருந்தன. அவற்றை முடித்து, தலைமையாசிரியருக்கு மெயிலில் அனுப்பிவிட்டுத்தான் குளிக்கப் போனார்.

அவருடைய கல்லீரலில் இரண்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு கட்டி இருப்பது ஆறு வாரத்துக்கு முன்புதான் தெரிந்தது. வயிற்று எரிச்சலுக்காக எடுத்த ஸ்கேனில் தற்செயலாகக் கண்ணில் பட்டது. புற்றுநோய் என்று உறுதியானது. மஞ்சள் காமாலைக் கிருமி, ஹெபடைடிஸ் பி, வெகுகாலமாக உடம்பில் சத்தமில்லாமல் இருந்து கல்லீரலைக் கெடுத்திருக்கிறது என்றார்கள்.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்ததெல்லாம் வாக்குவாதம்தான். சென்னையில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் மகன் சமீர், கல்லீரலையே மாற்றிவிட வேண்டும், தன்னுடையதில் பாதியைத் தருகிறேன் என்று பிடிவாதமாக நின்றான். நசீமா ஒத்துக்கொள்ளவில்லை. மாதம் ஒருமுறை சென்னையிலிருந்து வேங்கிக்கால் ஆஸ்பத்திரிக்கு வரும் டாக்டர் அருள்ராஜ் சொன்ன வழியே போதும் என்றுவிட்டார். வயிற்றைக் கிழிக்காமல், ஊசி போன்ற மெல்லிய கம்பியைத் தோல் வழியாகக் கட்டிக்குள் செலுத்தி, மைக்ரோவேவ் சூட்டால் அதை அங்கேயே வேகவைத்துவிடுவது. சூடு கொடுப்பது பத்து நிமிடம்.

அருள்ராஜை நசீமாவுக்குப் பிடித்ததற்குக் காரணம் இருந்தது. எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு நானூறுக்கு மேல் என்றார். அதே இடத்தில் எத்தனை பேருக்குத் திரும்ப வளர்ந்தது என்று கேட்டபோதும் அவர் மழுப்பவில்லை. இந்த அளவுக் கட்டி என்றால் பத்தில் ஒருவருக்கு வரலாம், வந்தால் மறுபடி சுடலாம் என்றார்.

"பத்துல ஒம்போது நம்ம பக்கம். இதுக்கு மேல என்னா வேணும்?" என்று நசீமா அன்றைக்கே தேதி வாங்கிக்கொண்டார்.

அந்தத் தேதி இன்று.

மறுநாள் பௌர்ணமி, கிரிவலத்துக்குக் கூட்டம் சேரும் நாள். வெளியூர் பஸ்களை ஊருக்குள் விடாமல் திருப்பிவிடத் தொடங்கியிருந்தார்கள். கணவர் ஹபீப் முகம்மது, பெயிண்ட் கடையைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, தெரிந்த ஆட்டோவை ஏழரைக்கே வாசலில் நிறுத்தியிருந்தார். வழி முழுக்க நசீமாதான் பேசிக்கொண்டு வந்தார். நவம்பரில் சமீருக்கு நிக்காஹ். ஆரணியில் மின்வாரிய அலுவலகத்தில் வேலை பார்க்கும் ரூக்ஸாரைப் பேசி முடித்திருக்கிறார்கள். மண்டபத்துக்காரரைத் திங்கட்கிழமை பார்த்துவிட வேண்டும் என்று ஆட்டோவில் வைத்து ஞாபகப்படுத்தினார்.

"திங்கக்கெழமை நீ வீட்ல படுத்துனு இருப்பே" என்றார் ஹபீப்.

"நான் படுத்துனு இருப்பேன். நீங்க நடந்து போய்ப் பாக்கலாமே."

ஆஸ்பத்திரியில் கையில் ஊசி ஏற்ற வந்த நர்ஸைப் பார்த்ததும் நசீமா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். பழைய மாணவி எழில். பத்தாம் வகுப்பு பி பிரிவு. கடைசி பெஞ்சுக்கு முந்தின பெஞ்சு. பத்தாம் வகுப்பில் கணக்கில் நாற்பத்தொன்று வாங்கியதை டீச்சர் இப்போதும் சொல்லிவிடுவாரோ என்று பயந்ததாக அவளே பின்னால் சமீரிடம் சொன்னாள்.

நசீமா அதைச் சொல்லவில்லை. நரம்பு கிடைக்கிற வரைக்கும் நிதானமாகப் பார், அவசரமில்லை என்றார். ஒரே குத்தில் நரம்பு கிடைத்தது.

பதினோரு மணிக்கு ஆரம்பிப்பதாகத் திட்டம். ஆனால் டாக்டரின் கார் கீழ்பென்னாத்தூரைத் தாண்டியதும் பௌர்ணமிக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டது. போலீஸ்காரர்கள் திருப்பிவிட்ட வயல்வழிச் சாலையில் சுற்றிக்கொண்டு, சூடு கொடுக்கும் இயந்திரத்தையும் பின் சீட்டில் வைத்துக்கொண்டு, அவர் வந்து சேர்ந்தபோது பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. அதற்காக அவர் வருத்தம் தெரிவித்தார். தாமதமானால் பரவாயில்லை, பசிதான் கொஞ்சம் ஜாஸ்தி என்றார் நசீமா.

உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது, சென்னையிலிருந்து வந்திருந்த மகனைப் பார்த்துக் கையைத் தூக்கிக் காட்டினார். தேர்வு அறைக்குள் போகும் பிள்ளைகளுக்குக் காட்டுகிற அதே கை.

வெள்ளிக்கிழமை. ஹபீப் ஜும்மா தொழுகைக்குப் போக வேண்டும். போகாமல் இருக்கவும் அவருக்கு மனசில்லை, போகவும் கால் வரவில்லை. சமீர்தான் அனுப்பிவைத்தான். அத்தா இங்கே உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதைவிட அங்கே போய்த் துஆ கேட்பது மேல் என்று அவனுக்குத் தோன்றியது.

அவர் போன பதினைந்தாவது நிமிடம் சமீரின் போன் அடித்தது. சென்னை நம்பர்.

வீட்டில் யாருக்கும் சொல்லாமல் சமீர் ஒரு காரியம் செய்திருந்தான். அம்மா மறுத்தாலும் என்றைக்காவது தேவைப்படும், அப்போது அலையக் கூடாது என்று, பத்து நாள் முன்பு சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், கல்லீரல் கொடுப்பவருக்கான பரிசோதனைகளுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்திருந்தான். அங்கிருந்துதான் அழைப்பு. பேசிய பெண் மிகவும் பொறுமையாகப் பேசினாள். அவனால் கல்லீரல் தர முடியாது என்றாள். அவனுடைய ரத்தத்திலும் ஹெபடைடிஸ் பி இருக்கிறது. பயப்பட வேண்டாம், ஆனால் சீக்கிரம் ஒரு கல்லீரல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள், ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்தாள்.

சமீர் ரிப்போர்ட்டைத் திறந்து பார்த்தான். அவன் பெயர், இருபத்தொன்பது வயது, அதற்குக் கீழே ஒரே ஒரு வரி தடித்த எழுத்தில் இருந்தது. வீட்டில் எல்லோரும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று ஆறு வாரம் முன்பே சொன்னார்கள். அத்தா உடனே செய்து, ஒன்றுமில்லை என்று வந்தது. வேலை இருக்கிறது, அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டவன் அவன்தான். மூன்று மாடி ஏறினாலும் மூச்சு வாங்காத உடம்பு. அதற்குள் இது எத்தனை வருஷமாக இருக்கிறதோ.

அதே நேரத்தில் கதவு திறந்தது. டாக்டர் அருள்ராஜ் பச்சை உடையில் வெளியே வந்தார். வேலை முடிந்து வரும் நேரம் இல்லை அது.

சமீர் எழுந்து நின்றான்.

அவர் சுருக்கமாகச் சொன்னார். மயக்கம் கொடுத்து, ஸ்கேனில் பார்த்தபோது, பெருங்குடலின் ஒரு வளைவு இன்றைக்குக் கட்டிக்குப் பக்கத்திலேயே வந்து படுத்திருக்கிறது. அப்படியே சுட்டால் குடலிலும் சூடு பட்டுவிடும். அதனால் இன்னொரு மெல்லிய ஊசி வழியாகக் குளுக்கோஸ் தண்ணீரை இரண்டுக்கும் நடுவில் செலுத்தி, குடலைத் தள்ளி வைத்துவிட்டு, பிறகு சுட வேண்டும். புதிதாக ஒன்றுமில்லை, அடிக்கடி செய்வதுதான். ஆனால் கூடுதலாக அரைமணி நேரமாகும், குடும்பத்தில் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும்.

"தண்ணி விட்டும் குடல் நகரலன்னா?" என்று கேட்டான் சமீர்.

"இன்னிக்கி சுட மாட்டேன். அம்மாவை எழுப்பி வீட்டுக்கு அனுப்பிட்டு வேற வழி பாப்போம். நகர்ந்துரும்னுதான் நினைக்கறேன்."

அந்தப் பதில் அவனுக்குப் போதுமானதாக இருந்தது. முடியாது என்றால் செய்ய மாட்டேன் என்று சொல்லத் தெரிந்தவர் கையில்தான் அம்மா இருக்கிறார். கையெழுத்துப் போட்டான். போனை இன்னொரு கையில் இறுக்கிப் பிடித்திருந்ததால் கையெழுத்து கோணலாக விழுந்தது.

அடுத்த ஒன்றேகால் மணி நேரம் அவன் உட்காரவில்லை. நடந்துகொண்டே இருந்தான். நர்ஸ் எழில் இரண்டு முறை வெளியே வந்து, ஒரு தடவை குடல் நன்றாக விலகிவிட்டது என்றும், இன்னொரு தடவை சூடு ஆரம்பித்தாயிற்று என்றும் சொல்லிவிட்டுப் போனாள். அப்படி வந்து சொல்வது வழக்கமில்லை என்பது அவனுக்குத் தெரியும்.

இரண்டு மணிக்கு அருள்ராஜ் அவனை உள்ளே கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். முன்பு கட்டி இருந்த இடத்தில் இப்போது முட்டை வடிவத்தில் ஒரு கருமையான பகுதி. கட்டி மட்டுமல்ல, அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் விளிம்போடு சேர்த்து வெந்திருக்கிறது, அதுதான் வேண்டும் என்றார். நாளைக்கே வீட்டுக்குப் போகலாம். நாலைந்து நாள் லேசான காய்ச்சல் வரலாம். ஒரு மாதம் கழித்து எடுக்கும் சி.டி. ஸ்கேன்தான் கடைசித் தீர்ப்பு. ஆனால் தனக்குத் திருப்தி என்றார்.

சமீர் நன்றி சொன்னான். பிறகு தயங்கித் தன் போனை நீட்டினான்.

அருள்ராஜ் படித்துவிட்டு நாற்காலியைக் காட்டினார். அவர் பேசியதில் பாதிதான் சமீரின் மனதில் நின்றது. கிருமி எவ்வளவு இருக்கிறது என்று இன்னொரு பரிசோதனை. தேவை என்றால் தினம் ஒரு மாத்திரை. ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன். வேலைக்குப் போகலாம், எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடலாம், கல்யாணமும் பண்ணிக்கொள்ளலாம். பெரும்பாலும் பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து வந்திருக்கும். நவம்பரில் நிக்காஹ் என்று சமீர் சொன்னான்.

"அந்தப் பொண்ணுக்கு டெஸ்ட் எடுத்துட்டு, கிருமி இல்லன்னா தடுப்பூசி மூணு தடவை போடணும். ஊசி வேலை செஞ்சிருக்கான்னு பாத்துட்டா போதும். ஆனா ஊசி போடணும்னா முதல்ல அவங்ககிட்ட சொல்லியாகணும், சமீர்" என்றார் டாக்டர். "உங்க வயசுல கண்டுபிடிச்சது நல்லது. உங்கம்மாவுக்கு அந்த வயசுல யாராவது சொல்லியிருந்தா, இன்னிக்கி நான் இங்க வந்திருக்கவே தேவையில்ல."

ஹபீப் திரும்பி வந்தபோது தொழுகைத் தொப்பி இன்னும் தலையிலேயே இருந்தது. கூட்டத்தில் ஆட்டோ கிடைக்காமல் பாதி தூரம் நடந்திருந்தார். மனைவிக்கு நல்லபடியாக முடிந்தது என்று கேட்டதும் ஆஸ்பத்திரிச் சுவரில் கை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். அந்தச் சந்தோஷத்தை அவர் அனுபவிக்கட்டும் என்று சமீர் ஐந்து நிமிடம் விட்டான். அதற்கு மேல் அவனால் முடியவில்லை. கேன்டீனில் இரண்டு டீ வாங்கி வைத்துவிட்டுச் சொன்னான்.

ஹபீப் டீயைத் தொடவில்லை. மகனின் கண்ணைப் பார்த்தார், கன்னத்தைப் பார்த்தார், நோய் எங்கே தெரிகிறது என்று தேடுகிறவர் போல. பிறகு சுற்றிலும் யாராவது கேட்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"அம்மாகிட்ட சொல்லாத. ஆரணிக்கும் சொல்லாத. நவம்பர்ல நிக்காஹ் முடியட்டும். அதுக்கப்பறம் மெதுவா நீயே அந்தப் பொண்ணுக்கு எடுத்துச் சொல்லு. இப்ப சொன்னா சம்பந்தம் நிக்காதுடா."

"அப்பறம் சொன்னா மட்டும் நிக்குமா அத்தா?"

ஆரணி சம்பந்தி நல்ல மனுஷன்தான், ஆனால் நோய் என்று ஒரு வார்த்தை வெளியே போனால் நாலு தெரு பேசும், மகனுக்கு வேறு இடத்திலும் பெண் கிடைக்காது என்று ஹபீப் சொல்லிக்கொண்டே போனார். அத்தா தனக்காகப் பயந்துதான் இப்படிப் பேசுகிறார் என்று சமீருக்குப் புரிந்தது. ஆனாலும் சரி என்று அவன் சொல்லவில்லை.

நாலரை மணிக்கு நசீமா நன்றாக விழித்துக்கொண்டார். வயிற்றைவிட வலது தோள்பட்டை வலிக்கிறது, அங்கே எதையாவது சுட்டுவிட்டார்களா என்று எழிலைக் கேட்டார். கல்லீரலுக்கு மேலே இருக்கும் சவ்வு உறுத்தப்பட்டால் வலி தோளில்தான் தெரியும், இரண்டு நாளில் போய்விடும் என்று எழில் விளக்கினாள். சரியான விடை சொன்ன மாணவியைப் பார்ப்பது போல நசீமா தலையசைத்தார். இரண்டு வாய் தண்ணீர் குடித்தார். எழில் வெளியே போனதும் கணவரையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கட்டி போயிடுச்சின்னு சொல்றீங்க. அப்பறம் ஏன் ரெண்டு பேரும் ஃபெயிலான மாதிரி உக்காந்துனு இருக்கீங்க?"

ஹபீப் ஒன்றுமில்லை என்று ஆரம்பித்தார். நசீமா அவரைப் பார்க்கவில்லை. முப்பத்திரண்டு வருஷமாகப் பிள்ளைகளின் முகத்தைப் படித்தவர். மகனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சமீர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, கல்லீரல் கொடுக்கப் பரிசோதனை செய்ததிலிருந்து ஆரம்பித்து, டாக்டர் சொன்னது வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னான். மாத்திரை, ஸ்கேன் எல்லாவற்றையும் சொன்னான். பிறக்கும்போதே வந்திருக்கும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

நசீமா அதைத்தான் முதலில் கேட்டார். "என்கிட்டேர்ந்து வந்ததா?"

அவன் அம்மாவின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். இமைக்கு அடியிலிருந்து நீர் வழிந்து காதுப் பக்கம் போனது. துடைத்துவிட வந்த ஹபீபின் கையை விலக்கினார். பிறகு கண்ணைத் திறந்து, உங்கள் இரண்டு பேரிடமும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும், இருபத்துநாலு வருஷமாகச் சொல்லவில்லை என்றார்.

சமீருக்கு ஐந்து வயதாக இருக்கும்போது பள்ளிக்கூடத்தில் ரத்ததான முகாம் நடந்தது. நசீமாவும் கொடுத்தார். இரண்டு வாரம் கழித்து அவர் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. உங்கள் ரத்தத்தைப் பயன்படுத்த முடியவில்லை, மஞ்சள் காமாலைக் கிருமி இருப்பதாகத் தெரிகிறது, மருத்துவரைப் பாருங்கள் என்று நாலு வரி. அப்போது ஹபீபின் தங்கைக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். இந்த நேரத்தில் வீட்டில் நோய் என்று தெரிந்தால் அந்தச் சம்பந்தம் கலைந்துவிடும் என்று நசீமா பயந்தார். உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை. கல்யாணம் முடியட்டும், பிறகு டாக்டரைப் பார்க்கலாம் என்று நினைத்தார். கடிதத்தைக் கிழித்து ஆசிரியர் அறைக் குப்பைக்கூடையில் போட்டார். கல்யாணம் முடிந்தது. அதற்குப் பிறகு பரீட்சை வந்தது, வீடு கட்டினார்கள், வருஷங்கள் போயின. அந்த நாலு வரியை அவர் மறக்கவில்லை. ஆனால் மறந்துவிட்டதாகத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

"அன்னிக்கே போயிருந்தா எனக்கு ஒரு மாத்திரையோட போயிருக்கும். உனக்கும் அப்பவே பாத்திருப்பாங்க" என்றார் மகனிடம். "நான் படிச்சவ. படிக்காதவ செஞ்சிருந்தா தெரியாம செஞ்சான்னு சொல்லலாம்."

ஹபீப் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே நசீமா" என்றார்.

"சொல்லியிருந்தா, கல்யாணம் முடியட்டும்னு நீங்களும் சொல்லியிருப்பீங்க."

ஹபீப் மகனைப் பார்த்தார். கேன்டீனில் பேசியதை அவன் சொல்லிவிட்டானோ என்று ஒரு கணம் நினைத்தார். அவன் சொல்லவில்லை என்பது அவன் முகத்தில் தெரிந்தது. தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். கட்டிலுக்கு வந்து, மனைவியின் காலடியில் உட்கார்ந்தார்.

"ஆரணிக்கு சொல்லிடுடா. என்னா ஆனாலும் பாத்துக்கலாம்" என்றார்.

அம்மாவின் கை இன்னும் சமீரின் கைக்குள் இருந்தது. அவன் குனிந்து, உங்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை என்றான். கோபம் வரும், பரவாயில்லை, வந்தால் மறைக்காமல் என்னிடமே காட்டு என்றார் நசீமா. கையை விடுவித்து, போனைக் கண்ணால் காட்டினார்.

ஐந்தேகால் மணி. ரூக்ஸார் அலுவலகத்திலிருந்து கிளம்பும் நேரம். நிச்சயமான நாளிலிருந்து அவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள்தான். முதல் மணியிலேயே எடுத்தாள். அத்தை எப்படி இருக்கிறார் என்று அவள்தான் முதலில் கேட்டாள். நல்லபடியாக முடிந்தது என்றான். பிறகு, அடுத்த விஷயத்தை எப்படித் தொடங்குவது என்று யோசிக்காமல், யோசித்தால் நின்றுவிடுவோம் என்று பயந்து, நேராகச் சொன்னான். என்ன நோய், எப்படிப் பரவும், அவளுக்கு என்ன பரிசோதனை, எத்தனை ஊசி. வேண்டாம் என்று அவள் முடிவு செய்தால் தன் வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள் என்றும் சொன்னான்.

அந்தப் பக்கம் வண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. அவள் எங்கோ ஓரமாக நின்றிருக்க வேண்டும்.

"எப்ப தெரிஞ்சுது உங்களுக்கு?" என்றாள்.

"இன்னிக்கி மத்தியானம்."

"இன்னிக்கேவா சொல்றீங்க?"

அது கேள்வியா, வேறு ஏதாவதா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. ரிப்போர்ட்டை அனுப்புங்கள், நான் படித்துப் பார்க்கணும் என்றாள்.

"நாளைக்கி வரேன். நான் மட்டும் இல்ல, எங்க அத்தாவும் வருவாரு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

சமீர் போனைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பினான். நாளைக்குப் பௌர்ணமி, ஆரணி பஸ் எதுவும் ஊருக்குள் வராது, எதற்காக அவ்வளவு சிரமப்பட்டு வருகிறார்கள் என்று ஹபீப் கேட்டார். நிக்காஹை நடத்தப் பேச வருகிறார்களா, நிறுத்தப் பேச வருகிறார்களா என்பதுதான் அவருடைய கேள்வி. அவளுடைய குரலை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை என்றான் சமீர்.

நசீமா தலையணையில் கொஞ்சம் மேலே ஏறி உட்கார முயன்றார். தோள் வலித்தது. இரண்டு பேரும் பிடித்து உட்காரவைத்தார்கள். அவர் மூச்சை இழுத்து விட்டு, அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"வரட்டும். இங்க ஒரு ஸ்டூல்தான் இருக்குது" என்றார். "எழில்கிட்ட கேட்டு இன்னும் ரெண்டு வாங்கி வை."